முடிந்து வைத்த காசு

(ஏற்காட்டில் கோடைக்கால வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை. பேச்சு நடை அதிகம் மாற்றப்படவில்லை.)



நம்பிக்கை, விடுமுறை, வாழ்க்கையில் எது முக்கியம்: மூன்றையும் சேர்த்து முக்கால் மணி நேரத்தில் பேசிவிடுங்கள் ஐயா என்று கேட்டுக்கொண்டார்கள். நடுவில் இருப்பதைப் பற்றித்தான் எனக்குக் கொஞ்சம் தெரியும். காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியனாக இருந்தவன். நாட்காட்டி வாங்கியதும் சிவப்பு எழுத்துகளை முதலில் எண்ணுகிற சாதி. மற்ற இரண்டையும் அதன் வழியாகத்தான் என்னால் தொட முடியும்.

வெளியூரிலிருந்து வந்தவர்களில் பாதிப்பேர் காலையில் சேர்வராயன் கோயிலுக்குப் போய்விட்டு வந்திருப்பீர்கள். ஏரியிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் மேலே, 5,300 அடி உயரத்தில் இருக்கிறது. கோபுரம் கிடையாது. பரந்த மொட்டைத் திடல். காற்று வேட்டியைப் பிடித்து இழுக்கும். திடலின் ஓரத்தில் பாறைக்குள் ஒரு குகை. உள்ளே போக வேண்டுமென்றால் மாவட்ட ஆட்சியரானாலும் முதுகை வளைத்தாக வேண்டும். தீப வெளிச்சத்தில் சேர்வராயன், பக்கத்தில் காவேரியம்மன். குகை அதற்குமேல் இருட்டாகப் போய்க்கொண்டிருக்கும். காவிரி வரைக்கும் போகிறது என்பார்கள் மலைக்காரர்கள். போய்ப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. சொல்வதை நிறுத்தியவர்களும் இல்லை.

கும்பிட்டுவிட்டு வெளியே வந்தவுடன் நம் குடும்பங்களில் எழும் கேள்வி, "அடுத்து எங்கே?" என்பது. பகோடா பாயிண்ட், லேடீஸ் சீட், கரடிக் குகை, கிளியூர் அருவி என்று ஓட்டுநர் ஒப்பிப்பார். மே மாதத்தில் கிளியூர் அருவியைப் பார்க்க இறங்கியவர்களுக்கு என் அனுதாபங்கள். வடகிழக்குப் பருவமழை முடியும்போது வந்து பாருங்கள், அருவி என்றால் என்ன என்று தெரியும். நாம் அருவியைக் கேட்டு வருவதில்லை. பள்ளிக்கூடத்தைக் கேட்டு வருகிறோம். பள்ளி மூடியிருக்கும்போது அருவியும் மூடியிருந்தால் யார் என்ன செய்ய முடியும்?

இந்த லீவு ஊரைக் கண்டுபிடித்தது யார்? சென்னை மாகாண ஆளுநர் சர் தாமஸ் மன்றோ 1842-இல் இந்த ஊரைக் கண்டுபிடித்தார் என்று சில சுற்றுலாக் கையேடுகளில் அச்சிட்டிருக்கிறார்கள். மன்றோ 1827-ஆம் ஆண்டே பத்திகொண்டாவில் காலராவில் இறந்துபோனவர். செத்துப் பதினைந்து வருடம் கழித்து மலையேறி வந்திருக்கிறார் என்றால் ஏற்காட்டின் குளிர் அவ்வளவு பிடித்திருக்கிறது! அவர் கண்டுபிடிக்கும் வரை இந்த மலையில் யாருமே இல்லையா என்பது அடுத்த கேள்வி. சேர்வராயன் இருந்தார். அவரைக் கும்பிடும் மலையாளிப் பழங்குடியினர் இருந்தார்கள். கேரளத்து மலையாளிகள் வேறு, இவர்கள் வேறு. காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் புறப்பட்டு வந்தார்கள், பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கும், நடுவண்ணன் பச்சைமலைக்கும், சின்னண்ணன் கொல்லிமலைக்கும் போனார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. பிரிந்து போனவர்களின் கதையைத்தான் இன்றுவரை ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்காரர் கணக்கில் சரியாகச் சொல்ல வேண்டியவர் காக்பர்ன். 1820-களில் சேலம் கலெக்டர். கிரேஞ்ச் எஸ்டேட்டில் காப்பியை நட்டவர். அந்தக் காப்பிதான் இந்த மலையின் பிழைப்பையே மாற்றியது.

காப்பியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் விடுமுறைக்கு வருபவர்கள் பார்க்காத ஒன்று அதில் இருக்கிறது. நாற்று நட்டுக் காய்ப்புக்கு வர மூன்று நான்கு வருடம் ஆகும். அதுவரை சில்வர் ஓக் நிழலில் அதைக் காப்பாற்ற வேண்டும். காய்ப்புக்கு வந்த செடிக்கும் மார்ச், ஏப்ரலில் ஒரு மழை பெய்தாக வேண்டும். பூ மழை என்பார்கள். பெய்து எட்டுப் பத்து நாளில் தோட்டம் முழுக்க ஒரே வெள்ளை. மல்லிகைக்கு அண்ணன் தம்பி மாதிரி ஒரு வாசம். இரண்டு மூன்று நாள்தான், உதிர்ந்துவிடும். பிறகு காய் பிடிக்க இன்னொரு மழை வேண்டும். முதல் மழை தவறினால் பூ இல்லை. இரண்டாவது தவறினால் பூத்தும் பலன் இல்லை. ஆக, நாம் குல்லாவும் கூலிங் கிளாஸும் போட்டுக்கொண்டு "வெயில் அடிக்கிறது, போட்டோ நன்றாக வரும்" என்று சந்தோஷப்படுகிற அதே நாட்களில், தோட்டக்காரர் வாசலில் நின்று மேகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரே மலை, ஒரே வானம். ஒருவருக்கு மழை வரக்கூடாது, ஒருவருக்கு வந்தாக வேண்டும்.

பழம் பறிப்பு நவம்பரில் சூடு பிடித்து ஜனவரி வரை போகும். அரையாண்டுத் தேர்வு விடுமுறை அதற்கு நடுவில் வந்து விழும். எங்கள் பள்ளியில் அந்த விடுமுறை முடிந்து வரும் பிள்ளைகளின் விரலைப் பார்த்தே யார் வீட்டில் பறிப்புக்குப் போனார்கள் என்று சொல்லிவிடலாம். நகக்கண்ணில் கறை ஏறியிருக்கும். விடுதியில் தங்கிப் படிக்கும் பெரிய பள்ளிப் பிள்ளைகளின் கதை நேர் எதிர். சேக்ரட் ஹார்ட் கான்வென்ட் 1894-இல் தொடங்கியது, மான்ட்ஃபோர்ட் 1917-இல். அந்தப் பிள்ளைகளுக்கு விடுமுறை என்றால் மலையை விட்டு இறங்குவது. சேலத்துக்காரர்கள் குழந்தைகளோடு இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிக்கொண்டிருக்கும்போது, எதிரே பெட்டி படுக்கையோடு பிள்ளைகள் இறங்கிக்கொண்டிருப்பார்கள். இரண்டு வண்டியிலும் ஒரே குஷி. இடத்தில் ஒன்றுமில்லை என்று எனக்கு முதலில் உறைத்தது அந்த வளைவுகளில்தான்.

இதனால் ஓய்வே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓய்வு நமக்குச் சும்மா கிடைத்ததல்ல. ஞாயிற்றுக்கிழமை ஏதோ ஆதியிலிருந்தே விடுமுறை என்று நினைக்கிறோம். பம்பாய் மில்களில் வேலை செய்தவர்களுக்கு வாரம் ஒருநாள் ஓய்வு வேண்டும் என்று நாராயண் மேகாஜி லோகண்டே பல வருடம் போராடி, 1890 ஜூன் 10-ஆம் தேதிதான் அது கிடைத்தது. 1923 மே 1-ஆம் தேதி சிங்காரவேலர் சென்னையில் இரண்டு இடங்களில், திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் உயர் நீதிமன்றத்துக்கு எதிரேயுள்ள கடற்கரையிலும், மே நாள் கூட்டம் நடத்தினார். இந்தியாவிலேயே முதல் மே தினம். அந்தக் கூட்டத்தின் கோரிக்கைகளில் ஒன்று, மே முதல் நாளை அரசு விடுமுறையாக்க வேண்டும் என்பது. இந்த மலையில் காப்பி பறித்தவர்களுக்குச் சம்பளத்தோடு லீவு என்று சட்டத்தில் எழுதியது 1951-இல், தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தபோது. இருபது நாள் வேலை பார்த்தால் ஒருநாள். காக்பர்ன் நட்டதற்கும் அதற்கும் இடையில் நூறு வருடத்துக்கு மேல்.

இப்படிப் போராடி வாங்கியதை நாம் என்ன செய்தோம்? சரண்டர் செய்தோம்! இங்கே அரசு ஊழியர்கள் நிறையப்பேர் இருக்கிறீர்கள், சிரிப்பதிலிருந்தே தெரிகிறது. ஈட்டிய விடுப்பில் வருடத்துக்குப் பதினைந்து நாளை ஒப்படைத்துப் பணமாக வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு. 2020 ஏப்ரலில் கொரோனாவைக் காட்டி அதை நிறுத்திவைத்தபோது சங்கங்கள் எவ்வளவு கொதித்தன என்று நினைவிருக்கும். கொதித்தது நியாயம். அந்தப் பணத்தில்தான் மகள் கல்லூரிக்குப் போவாள், கூரை ஒழுகுவது நிற்கும். நானும் வருடம் தவறாமல் சரண்டர் செய்தவன். நான் பார்த்த வரையில் நம் நடுத்தர வீடுகளில் நம்பிக்கை என்பது பெரும்பாலும் தன் ஓய்வை விற்று அடுத்த தலைமுறைக்குச் சேர்ப்பதுதான். அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. பிள்ளைகளுக்காக விற்ற நாட்கள் எல்லாம் பிள்ளைகளோடு இருந்திருக்க வேண்டிய நாட்கள்.

மலைக்காரர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்த்தால், அவர்களிடம் நம்மைவிடப் பணமும் குறைவு, லீவும் குறைவு. அந்த மூன்று அண்ணன் தம்பிகள் மாதிரியே பிரிந்து, குடகுத் தோட்டங்களுக்கும், கேரளத்து மிளகுத் தோட்டங்களுக்கும், திருப்பூர் கம்பெனிகளுக்கும் போய் மாதக்கணக்கில் இருந்துவிட்டு வருகிறவர்கள். ஆனால் மே மாதம் சேர்வராயனுக்குத் திருவிழா, அவர்கள் பேச்சில் நோம்பி, என்றால், எங்கே இருந்தாலும் ஊர் வந்து சேர்ந்துவிட வேண்டும். மேஸ்திரி சம்மதிக்காவிட்டால் கூலியை விட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கோயில் திடலில் கொய்யாப்பழமும் மாங்காய்க் கீற்றும் விற்கும் ஒரு அம்மாளிடம் பேச்சுவாக்கில் கேட்டேன், "நீங்கள் எல்லாம் லீவுக்கு எங்கேம்மா போவீங்க?" என்று. மாங்காய்க்கு மிளகாய்ப் பொடி தூவிக்கொண்டே, "எங்க சாமி போறது? நோம்பிக்கு எல்லாரும் இங்கதான வர்றாங்க. நாம போய்ட்டா வர்றவங்க யாரப் பாப்பாங்க?" என்றார். பொடி தூவி முடிந்தது, பதிலும் முடிந்தது. அடுத்த ஆளுக்கு மாங்காய் நறுக்கப் போய்விட்டார்.

இந்த வரவை வெறும் உறவுப் பாசம் என்று எடுத்துக்கொண்டால் பாதிதான் புரியும். அவர்கள் சேர்வராயனிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். பிள்ளை பிறந்தால் இங்கே மொட்டை போடுகிறேன், காலில் கட்டு பிரிந்தால் நடந்தே வருகிறேன், இந்த வருடம் மிளகு நன்றாக விளைந்தால் மணி கட்டுகிறேன் என்று. நேர்த்திக்கடன். வேண்டுதல் என்பதைப் பகுத்தறிவு பேசும் நண்பர்கள் சாமியோடு நடத்தும் பேரம் என்பார்கள். எனக்கு அந்த வாதத்தில் பாதி சம்மதம். பேரத்தில் முதலில் காசு கைமாற வேண்டும். இதில் எதுவும் கைமாறுவதில்லை. "நடந்தால் திரும்பி வருவேன்" என்ற ஒரு சொல்தான். நடக்குமா என்று தெரியாதபோதே திரும்பி வரும் தேதியைக் குறித்துவிடுகிறார்கள். நம்பிக்கைக்கு என்னால் இதைவிடக் கையில் பிடிக்கிற மாதிரி ஒரு உருவம் காட்ட முடியாது. நாளை நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருப்பது எளிது, அதற்கு யாரும் வேண்டாம். நாளை வருகிறேன் என்று ஒருவரிடம் சொல்லி வைப்பதற்கு இன்னொரு ஆள் வேண்டும்.

தான் பார்க்கப்போகாத ஒரு ஆளுக்காக வேலை செய்த இன்னொருவரும் இதே மலையில் இருந்தார். ராபர்ட் புரூஸ் ஃபூட், நிலவியலாளர். 1863 மே 30-ஆம் தேதி பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் குனிந்து எடுத்து, இந்தியாவில் பழைய கற்கால மனிதன் இருந்தான் என்று உலகத்துக்குக் காட்டியவர். அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரை உடன் வைத்துக்கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கியவர். பெர்சிவலும் 1882-இல் ஏற்காட்டில்தான் இறந்தார். ஃபூட் ஓய்வுக்குப் பிறகு இங்கே வந்து தங்கினார். ஓய்வு பெற்ற வெள்ளைக்காரர் என்றால் வராந்தாவில் சாய்வு நாற்காலி என்று நினைப்போம். இவர் வாழ்நாளெல்லாம் பொறுக்கிய கற்கருவிகளுக்கு ஒவ்வொன்றாகப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார். சேகரம் முழுவதும் 1904-இல் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. 1912 டிசம்பரில் இறந்தார். பட்டியல் புத்தகமாக வந்தது 1914-இல். அச்சில் பார்க்க அவர் இல்லை. இன்றைக்கு எழும்பூரில் அந்தக் கற்களின் முன்னால் நிற்கிற மாணவன் எங்கே எடுத்தது என்று தெரிந்துகொள்கிறான் என்றால், அது அந்தக் கிழவர் எழுதியதால்.

இதில் ஒரு வேடிக்கை. இந்த மலைக் கிராமங்கள் சிலவற்றில் மரத்தடியில் சின்னச் சின்னக் கற்களை அடுக்கி வைத்துப் பிள்ளையார் என்று கும்பிடுவார்கள். மழமழவென்று, ஒரு முனை கூராக, உள்ளங்கைக்குள் அடங்கும். அவை புதிய கற்காலக் கற்கோடரிகள். எவனோ ஒருவன் நாள்கணக்கில் கல்லில் கல்லைத் தேய்த்துச் செய்தது. உழும்போது கிடைத்ததை, இது கை வைத்துச் செய்த பொருள், மிதிக்கக்கூடாது என்று எடுத்து மரத்தடியில் வைத்திருக்கிறார்கள். ஃபூட் அருங்காட்சியகத்தில் வைத்தார், இவர்கள் பிள்ளையாராக வைத்தார்கள். இரண்டு பேரும் காப்பாற்றியது ஒன்றைத்தான்.

இனி என் சொந்தக் கதை கொஞ்சம். என் மனைவி காலமான பிறகு பூஜை அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தேன். குங்குமச் சிமிழுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் துணி முடிச்சு. உள்ளே பதினோரு ரூபாய். மஞ்சள் வெளுத்து, முடிச்சு இறுகி, நகத்தால் பிரிக்க முடியவில்லை; பல்லால்தான் பிரித்தேன். வேண்டிக்கொண்டு முடிந்து வைத்த காசு. எந்தச் சாமிக்கு, யாருக்காக, எதற்காக என்று ஒரு குறிப்பும் இல்லை. மகனுக்குப் போன் செய்தேன். "எனக்கு வேலை கிடைக்கணும்னு இருக்கும்பா" என்றான். மகள், "இல்லைப்பா, என் பிரசவத்துக்கு" என்றாள். என் தங்கச்சி, "அண்ணே, உங்களுக்கு நெஞ்சுவலி வந்துச்சே, அப்ப முடிஞ்சதுதான், நான் பக்கத்துல இருந்தேன்" என்று அடித்துச் சொன்னாள். யார் சொன்னது சரி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் பிள்ளைகள் தங்களுக்காக என்றும் தங்கச்சி எனக்காக என்றும் உறுதியாக நம்பினார்கள் பாருங்கள், அப்படி மூன்று பேரை நம்ப வைத்துவிட்டுப் போவது சின்ன விஷயம் இல்லை. நான் சேர்த்து வைத்த வைப்பு நிதியைப் பற்றிக் கேட்டபோது மூவரும் அவ்வளவு உறுதியாகப் பேசவில்லை.

அந்தக் காசை எங்கே செலுத்துவது? மாங்காய்க்கார அம்மாளிடமே கேட்டேன். "எந்தச் சாமின்னு தெரியாட்டி என்ன, இங்கயே போட்டுட்டுப் போங்க. அவங்களுக்குள்ள பேசிக்குவாங்க" என்றார். சேர்வராயன் உண்டியலில் போட்டேன். கணக்கு அவர்களுக்குள் தீர்ந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

2020, 2021 இரண்டு மே மாதமும் உங்களுக்கு நினைவிருக்கும். கோடை விழா இல்லை, மலர்க் கண்காட்சி இல்லை, மேலே ஏற இ-பாஸ். ஏரியில் படகுகள் கரையில் கட்டிக் கிடந்தன. லாட்ஜ் பையன்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். அப்போது எல்லோருமே ஒரே மாதிரி ஆனோம். ஊரடங்கு வந்தால் விடுமுறையில் செய்யலாம் என்று தள்ளிப்போட்ட வேலை எல்லாம் முடியும் என்று நினைத்தோம். என் நண்பர்களில் ஒருவரும் அலமாரியை ஒழிக்கவில்லை, ஒருவரும் புத்தகம் எழுதவில்லை. போன் பண்ணிக்கொண்டே இருந்தோம். "சாப்பிட்டாச்சா? காய்ச்சல் இல்லையே? எல்லாம் முடிஞ்சதும் வர்றேன்." அந்தக் கடைசி வாக்கியத்தை எத்தனை பேரிடம் சொன்னோம், எத்தனை பேரைப் போய்ப் பார்த்தோம் என்று இங்கே இருக்கிற ஒவ்வொருவருக்கும் தெரியும். அந்தப் பட்டியல் இன்னும் பாக்கி நிற்பவர்கள் இந்தக் கோடையில் பகோடா பாயிண்டை ஒருநாள் குறைத்துக்கொள்ளலாம்.

ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், ஒரு தொழில் விஷயம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் நாம் கொடுக்கும் கட்டுரைத் தலைப்பு காலங்காலமாக ஒன்றுதான்: "கோடை விடுமுறையை நான் கழித்த விதம்." எங்கள் பிள்ளைகள் எல்லோரும் ஊட்டிக்குப் போயிருப்பார்கள்! ஏற்காட்டில் பிறந்து சேலத்தைத் தாண்டாத பிள்ளை, நோட்ஸைப் பார்த்து, நீலகிரி மலை ரயிலில் போனேன், தாவரவியல் பூங்காவைக் கண்டு களித்தேன் என்று எழுதும். எழுத்துப் பிழை இருக்காது. முழு மதிப்பெண் போட்டாக வேண்டும், போடக் கை வராது. ஒரு வருடம் தலைப்பை மாற்றினேன்: "விடுமுறையில் நான் பார்த்த ஒருவர்." நோட்ஸில் அதற்குக் கட்டுரை கிடையாது. வகுப்பே என்னை முறைத்தது.

நாகலூர்ப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பையன் அவன் அப்பாவைப் பற்றி எழுதியிருந்தான். அப்பா குடகில் இருந்து நோம்பிக்கு வந்தார். வந்த அன்றைக்கே சமையல்கட்டுக் கூரையில் உடைந்த ஓட்டை மாற்றினார். அவனைத் தோளில் தூக்கப் பார்த்தார், முடியவில்லை, "நீ கனத்துப் போய்ட்டடா" என்றார். சேர்வராயன் கோயிலுக்குள் அவன் இப்போது குனிய வேண்டியிருந்தது, போன வருடம் குனியவில்லை என்று அப்பாதான் கண்டுபிடித்தார். திரும்பும்போது அவனுக்கு ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கித் தந்தார், அதில் கவராயம் மட்டும் இல்லை, அடுத்த நோம்பிக்கு வரும்போது கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். இப்படி ஒன்றரைப் பக்கம்.

பத்துக்கு ஒன்பது போட்டேன். ஒற்று மிகும் இடங்களில் ஒன்றுகூட மிகவில்லை.